பட்டறைப் பதில்கள்: நாலாம் நம்பர் செட்டும் லாரி பல்பும்

போன இதழில் விவசாய ட்ரோன் பேட்டரி பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, மிக்சி, இன்வெர்ட்டர் கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூர் கொசப்பேட்டையில் முப்பது வருஷமாக யூபிஎஸ், ஸ்டெபிலைசர் பழுது பார்க்கிறவன் நான். என் தங்கை மகள் முறையாகப் பயிற்சி எடுத்து, பைலட் சான்றிதழ் வாங்கி, அணைக்கட்டு வட்டாரத்தில் பத்து லிட்டர் ட்ரோனில் மருந்து அடிக்கிறாள். அவளுடைய பேட்டரிகள் என் பட்டறையில்தான் படுத்து எழுந்திருக்கின்றன. கீழே நான் சொல்வதெல்லாம் அந்த பேட்டரிகளோடு பழகித் தெரிந்துகொண்டது. ஆறு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, கொள்ளளவு 16000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி). இரண்டைச் சீரியஸில், அதாவது ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு சேர்த்து, மாட்டினால் ஒரு செட், 12 செல். உங்கள் பேட்டரிக்குள்ளேயே கண்காணிப்புப் பலகை இருந்து, போன் செயலியில் செல் வாரியாகக் கணக்குக் காட்டினால், கீழே வரும் செல் அளக்கும் கருவியைச் செய்யும் வேலை உங்களுக்கு மிச்சம். மற்ற விஷயங்கள் உங்களுக்கும் பொருந்தும்.

ஆரணி வாசகர்: எங்களிடம் மூன்று செட். ஒரே நாளில் வாங்கியவை. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஒரு செட் மட்டும் அரை ஏக்கரிலேயே களைத்துவிடுகிறது. சார்ஜர் ‘ஃபுல்’ என்கிறது. விற்றவரும் பேட்டரியில் குறை இல்லை என்கிறார். யாரை நம்புவது?

ஐயா, சார்ஜர் பொய் சொல்லவில்லை. சோடை போன செல்லும் 4.20 வோல்ட் வரை நிரம்பத்தான் செய்யும். பத்து லிட்டர் மருந்தைத் தூக்கிக்கொண்டு மேலே போகும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். சாமி தூக்குகிற ஆறு பேரில் ஒருவருக்குக் கால் மடங்கினால் பல்லக்கு மொத்தமும் சாய்கிற மாதிரி, ஒரு செல் படுத்தால் செட்டே படுத்துவிடும்.

இதை நாங்கள் செலவு செய்துதான் கற்றோம். போன சொர்ணவாரிப் பருவத்தில் ஊசூர் பக்கம் ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். காலை ஏழரை மணிக்கு போன் வந்தது. “மாமா, ஸ்கிரீன்ல நாப்பத்தி மூணு புள்ளி எட்டு இருந்துச்சு மாமா. அலாரமே அடிக்கல. அப்படியே பொத்துனு உக்காந்துடுச்சு.” ஒரு கால் வளைந்து, நாசில் தண்டு முறிந்திருந்தது. கொல்லைக்காரருக்கு நஷ்டம் கொடுத்துவிட்டு வந்தோம்.

நாங்கள் அலாரம் வைத்திருந்தது 42 வோல்ட்டில். செல்லுக்கு 3.5 என்று கணக்கு. மறுநாள் பட்டறையில் சுமை கொடுத்து ஒவ்வொரு செல்லாக அளந்தேன். பதினோரு செல்கள் 3.72-இல் நின்றன. ஒன்றே ஒன்று 2.90-க்கு இறங்கிக் கிடந்தது. கூட்டிப் பாருங்கள், 43.82 வரும். சராசரி போட்டால் 3.65. பார்க்க ஆரோக்கியமான எண். அந்த எண்ணுக்குள் ஒரு செல் செத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி நோட்டைப் புரட்டியபோது வந்தது. விழுந்தது நாலாம் நம்பர் செட். அதுவரை அது பறந்தது 58 தடவைதான். முதல் நம்பர் 131 தடவை பறந்திருந்தது. அதிகம் உழைத்த செட் நன்றாக இருக்கிறது, சும்மா இருந்த செட் போய்விட்டது! காரணத்தைத் தேடி இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். தினமும் ராத்திரி நான் நாலு செட்டையும் முழுசாக ஏற்றி அனுப்புவேன். வண்டியில் கைக்கு முதலில் அகப்படுவது ஒன்றாம் நம்பர். வேலை குறைவான நாளில் நாலாம் நம்பர் தொடப்படாமலே திரும்பும். ஏற்றியது ஏற்றியபடி, தகரப் பெட்டிக்குள், சித்திரை வெயிலில், சில சமயம் ஒரு வாரம். செல்லுக்கு 4.2 வோல்ட் என்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலை. அந்த நிலையில் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் சிதைகிறது, வாயு உண்டாகிறது, உள்தடை (மின்சாரத்தைச் செல்லுக்குள்ளேயே மறிக்கும் தடை) ஏறுகிறது. பறந்து பறந்து தேய்வதைவிட, நிரப்பி வைத்துப் பறக்காமல் விட்டதில்தான் எங்கள் பேட்டரி வேகமாகக் கெட்டது.

உங்கள் மூன்று செட்டில் களைப்பது எது என்று யோசித்துப் பாருங்கள். கடைசியாகக் கையில் எடுக்கும் செட்டாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இன்றிலிருந்து இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் எண் போடுங்கள். இரண்டு பாதிக்கும் 2அ, 2ஆ என்று தனித்தனியாக. ஜோடியை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். பழசும் புதுசும் ஒரே சீரியஸில் நின்றால் பழசுதான் முதலில் காலியாகும். இன்று இரண்டாம் நம்பரில் முடித்தால் நாளை மூன்றாம் நம்பரில் ஆரம்பியுங்கள். நாளைக்கு எத்தனை ஏக்கரோ அதற்குத் தேவையான செட்டை மட்டும் ஏற்றுங்கள். பறக்காமல் திரும்பிய செட்டை, அடுத்த இரண்டு நாளில் வேலை இல்லையென்றால், அன்று மாலையே செல்லுக்கு 3.8 முதல் 3.85 வரை இறக்கி வையுங்கள். ஆறு செல் பேட்டரிக்கு அது 22.8 முதல் 23.1 வோல்ட். இறக்குவது எப்படி என்று பள்ளிகொண்டா வாசகர் கேள்வியில் சொல்கிறேன்.

ஒடுகத்தூர் மகளிர் குழு உறுப்பினர்: அண்ணா, எங்ககிட்ட நாலு செட் பேட்டரி, ஒரு சார்ஜர் இருக்கு. ஒரு செட்டுக்கு ஒரு ஏக்கர் முடியுது. ஏழு மணிக்கு மேல பேட்டரிக்காகக் காத்துக்கிட்டே உக்காந்திருக்கோம். இன்னும் ரெண்டு செட் வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?

வாங்காதீர்கள் அம்மா. முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இருந்த நேரங்களையே எடுத்துக்கொள்கிறேன்: பறப்பது 8 நிமிஷம், இறக்கி டேங்க் நிரப்பி பேட்டரி மாற்ற 4 நிமிஷம், சூடு ஆற 20 நிமிஷம், திரும்ப ஏற்ற 30 நிமிஷம். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை, 210 நிமிஷம். அதற்குமேல் காற்றும் வெயிலும் ஏறிவிடும், மருந்து இலையில் நிற்காது.

நாலு செட், ஒரு சார்ஜர். முதல் நாலு தடவை தடங்கல் இல்லாமல் 44 நிமிஷத்தில் பறந்துவிடுவீர்கள். எட்டாவது நிமிஷத்தில் இறங்கிய முதல் செட் ஆறி, ஏறி, 58-ஆவது நிமிஷத்தில் தயார். அதிலிருந்து அரை மணிக்கு ஒரு செட்தான் சார்ஜரிலிருந்து வெளியே வரும். 58, 88, 118, 148, 178. மொத்தம் ஒன்பது ஏக்கர்.

இரண்டு செட் கூடுதலாக வாங்கினால்? ஆரம்பத்தில் ஆறு தடவை பறப்பீர்கள். பிறகு அதே அரை மணி, அதே காத்திருப்பு. பதினொன்று. அதோடு, அந்த ஆறு செட்டையும் விடியும் முன் ஒரே சார்ஜரில் ஏற்ற மூன்று மணி நேரம் வேண்டும். இரண்டரை மணிக்கு எழுந்து யார் செய்வது?

இப்போது நாலு செட்டையே வைத்துக்கொண்டு சார்ஜரை இரண்டாக்குங்கள். 58-இல் ஒன்று, 70-இல் ஒன்று, 88, 100, 118, 130, 148, 160, 178, 190. முதல் நாலோடு சேர்த்துப் பதினாலு ஏக்கர். இதை ஒரு முழுத் தாளில் கோடு போட்டு, செட்டுக்கு ஒரு நிறப் பென்சிலால் தீட்டிப் பார்த்தேன். எங்கே நெரிசல் என்று கண்ணுக்கே தெரியும். நீங்களும் குழுவாக உட்கார்ந்து உங்கள் நேரங்களை வைத்து வரையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அரை மணியில் ஏற்றுவது என்றால் 16000 எம்ஏஎச் பேட்டரிக்கு 32 ஆம்பியர். கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வேகம், 2சி என்று சொல்வோம். உங்கள் பேட்டரி லேபிளில் அந்த வேகத்துக்கு அனுமதி அச்சாகியிருக்க வேண்டும். 1சி மட்டும்தான் என்றால் ஏற்றும் நேரம் இரட்டிப்பாகும், கணக்கும் மாறும். அடுத்தது ஜெனரேட்டர். ஒரு செட்டுக்கு 1,600 வாட் அளவில் பேட்டரிக்குள் போகிறது, சார்ஜர் சாப்பிடுவது தனி. இரண்டு சேர்ந்தால் 3,500 வாட்டைத் தொடும். உங்கள் ஜெனரேட்டர் 5 கேவிஏ என்றால் தாங்கும். சின்னது என்றால் இரண்டாவது சார்ஜருக்கு முன் அதைக் கவனியுங்கள்.

ஆறும் 20 நிமிஷத்தை மட்டும் யாரும் திருடாதீர்கள். எங்கள் ஊர் வெயிலில், இறங்கிய பேட்டரி 50 டிகிரிக்கு மேல்கூட இருக்கும். 45-க்கு மேல் சூடாக இருக்கும்போது ஏற்றக் கூடாது. நான் 40-ஐ வரம்பாக வைத்திருக்கிறேன்.

குடியாத்தம், பாலிடெக்னிக் மாணவர்: சார், பேலன்ஸ் கனெக்டரில் (செல்லுக்குச் செல் ஒயர் வெளியே வரும் சின்ன கனெக்டர்) மூன்றாவது செல் ஒயரை, ஆர்டுயினோ என்ற ப்ரோகிராம் எழுதும் சின்ன போர்டில் வோல்ட் அளக்கும் அனலாக் பின்னில் கொடுத்தேன். போர்டு புகைந்துவிட்டது. ஒரு செல் 4.2 வோல்ட்தானே, 5 வோல்ட் தாங்கும் பின் ஏன் போனது? செல் வாரியாக அளக்கும் கருவியை எப்படிச் செய்வது?

தம்பி, போர்டு போனதற்குக் கவலைப்படாதே. இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதே, அது பெரிசு. செல்களைக் கிணற்றுப் படியாக நினைத்துக்கொள். ஒவ்வொரு படியும் 4.2 உயரம். மூன்றாவது படியில் நிற்கிறவன் கீழே தண்ணீரிலிருந்து 12.6 உயரத்தில் இருக்கிறான். உன் ஆர்டுயினோவின் கிரவுண்ட் தண்ணீர் மட்டத்தில் இருந்தது. அதனால் பின்னுக்குப் போனது 12.6 வோல்ட். ஆறாவது படியில் 25.2.

ஆகவே ஒவ்வொரு படியையும் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்து அளந்து, மேல்படியிலிருந்து கீழ்படியைக் கழித்தால் நடுவில் இருக்கும் செல் கிடைக்கும். நான் மேலே 68 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் போட்டேன். 25.2 வோல்ட் 3.23 ஆகக் குறைகிறது. ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரே வாங்கு. கார்பன் ரெசிஸ்டர் வெயிலில் மதிப்பு மாறும்.

இப்போது முக்கியமான இடம். ஆர்டுயினோ நானோவின் சொந்த அனலாக் பின் 10 பிட். 5 வோல்ட்டை 1,024 ஆகத்தான் பிரிக்கும், ஒரு படி 4.9 மில்லி வோல்ட். உன் ரெசிஸ்டர்கள் 7.8 மடங்கு குறைத்திருப்பதால் பேட்டரி பக்கத்தில் அது 38 மில்லி வோல்ட் ஆகிவிடும். நாம் தேடுவதோ செல்லுக்குச் செல் 20, 30 மில்லி வோல்ட் வித்தியாசம். ஜல்லடை ஓட்டை அரிசியைவிடப் பெரிசு. ஆகவே ஏடிஎஸ்1115 என்ற, வோல்ட்டை நுணுக்கமாக அளக்கும் 16 பிட் மாட்யூல் இரண்டு வாங்கிக்கொள். ஒன்றில் நாலு சேனல். ஆறு படிக்கு இரண்டு வேண்டும். ஒன்றின் அட்ரஸ் பின்னைக் கிரவுண்டிலும், மற்றதை 5 வோல்ட்டிலும் சேர்த்தால் இரண்டும் ஒரே ஜோடி ஒயரில் சண்டையில்லாமல் பேசும். 4.096 வோல்ட் ரேஞ்ச் வைத்தால் பேட்டரி பக்கத்தில் ஏறக்குறைய 1 மில்லி வோல்ட் வரை பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு சேனலுக்கும் 0.1 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடு, எண் ஆடாமல் நிற்கும். நாலு வரி எல்சிடியையும் அதே ஒயரில் மாட்டலாம். எனக்கு மொத்தம் 1,500 ரூபாய்க்குள் முடிந்தது.

கட்டி முடித்ததும் நல்ல மல்டிமீட்டரால் ஆறு படியையும் அளந்து, படிக்கு ஒரு பெருக்கல் எண் கண்டுபிடித்து ப்ரோகிராமில் எழுது. ரெசிஸ்டரில் எழுதியிருக்கும் மதிப்பை நம்பிக் கணக்குப் போட்டால், ஒரு சதவீதப் பிழை ஆறாவது படியில் கால் வோல்ட்டைத் தாண்டி நிற்கும். நல்ல செல்லைச் செத்ததாகக் காட்டும்.

68 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைக் கனெக்டர் ஓரமாகவே சால்டர் செய்து, ஸ்லீவ் மாட்டிவிடு. அப்போது அதைத் தாண்டி எந்த ஒயர் எதோடு உரசினாலும் அரை மில்லி ஆம்பியர்கூடப் பாயாது. ரெசிஸ்டரைப் போர்டில் வைத்து, கனெக்டரிலிருந்து வெறும் ஒயரை இழுத்தால், இரண்டு ஒயர் உரசியது போதும், நெருப்பு. கருவிக்கு மின்சாரம் தனி பவர் பேங்கிலிருந்து கொடு.

அளந்தவுடன் பிடுங்கிவிடு. இது பலருக்குத் தெரியாத விஷயம். ஆறாவது படியின் ரெசிஸ்டர்கள் ஆறு செல்லிடமிருந்தும் மின்சாரம் குடிக்கின்றன. ஐந்தாவது படியின் ரெசிஸ்டர்கள் கீழ் ஐந்திடமிருந்து. இப்படியே கூட்டிக்கொண்டு போனால், முதல் செல் ஆறு ஜோடிக்கும் சோறு போடுகிறது. கடைசி செல் ஒரு ஜோடிக்கு மட்டும். முதல் செல்லில் ஒரு மில்லி ஆம்பியர், ஆறாவதில் 0.3. ஒரு மாதம் மறந்து மாட்டி வைத்தால் இரண்டுக்கும் 500 எம்ஏஎச்சுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் செய்த கருவியே வித்தியாசத்தை உண்டாக்கும்.

இன்னொன்று, இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள். இரண்டு பேட்டரியும் ட்ரோனில் சீரியஸில் மாட்டியிருக்கும்போது ஒரே கருவியில் இரண்டையும் செருகாதே. மேல் பேட்டரியின் மைனஸ் என்பது கீழ் பேட்டரியின் பிளஸ். இரண்டு மைனஸையும் உன் கருவி கிரவுண்டில் சேர்த்தால் கீழ் பேட்டரி முழுசாக ஷார்ட். கழற்றி, ஒவ்வொன்றாக மேசையில் வைத்து அள. ட்ரோனுக்குள்ளே எந்த ஒயரையும் வெட்டி ஒட்டாதே. சான்று பெற்ற இயந்திரம் அது.

சோளிங்கர் வாசகர்: எந்த செட் அடுத்தது, எது எப்போது ஏற்றியது என்று நோட்டில் எழுதச் சொன்னால் பையன்கள் எழுதுவதில்லை. வேறு வழி உண்டா?

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மருந்துக் கையோடு பேனா பிடிக்க யாருக்கும் மனசு வராது. அதனால் ஒரு பலகை செய்து கொடுத்தேன். பழைய சுவிட்ச் பாக்ஸ் மூடி. அதில் நாலு பொத்தான், நாலு ஜோடி எல்இடி, பின்னால் ஒரு நானோ, டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று. சார்ஜ் முடிந்ததும் அந்த செட்டின் பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும். ட்ரோனில் மாட்டும்போது இரண்டு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். வரிசைப்படி அடுத்த செட்டுக்குப் பச்சை எரியும். நிரப்பி 48 மணி நேரம் ஆகியும் பறக்காத செட்டுக்குச் சிவப்பு மினுக்கும். கணக்கு நானோவின் நினைவகத்தில் இருக்கிறது, பவரை எடுத்தாலும் போகாது.

அந்தக் கடிகார மாட்யூலை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையில் கிடைக்கும் நீல போர்டில் பட்டன் செல்லுக்கு ஒரு சார்ஜிங் இணைப்பு வைத்திருக்கிறார்கள். அதில் சாதா சிஆர்2032 போட்டு 5 வோல்ட்டில் ஓட்டினால், ஏற்றக் கூடாத செல்லை ஏற்றிக்கொண்டே இருக்கும், வீங்கும். டயோடை ஒட்டி இருக்கும் 200 ஓம் ரெசிஸ்டரை சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நோட்டு அதனால் போய்விடவில்லை. வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில், நானே எழுதுகிறேன். செட் எண், அதுவரை பறந்த தடவை, பன்னிரண்டு செல்லின் வோல்ட், பல்பு சுமையில் (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) எவ்வளவு இறங்கியது, அன்றைய சூடு. பேட்டரியின் மேல் எண்ணோடு நகச்சாயத்தால் புள்ளியும் வைத்திருக்கிறேன். நாலு புள்ளி என்றால் நாலாம் நம்பர். மார்க்கர் மையை மருந்து அழித்துவிடுகிறது, நகச்சாயம் நிற்கிறது. மங்கலான விடியலில் விரலால் தடவினாலே தெரியும் என்று தங்கை மகள் சொன்னாள்.

பள்ளிகொண்டா, லாரி எலக்ட்ரீஷியன்: செல்லின் உள்தடையைப் பார்க்க விலை அதிகமான மீட்டர் வேண்டும் என்கிறார்களே. நம்மிடம் இருப்பதை வைத்துச் செய்ய முடியாதா?

உங்கள் கடையில் இருப்பதே போதும் அண்ணே! லாரி ஹெட்லைட்டின் 24 வோல்ட் பல்பு, 75 வாட். ஆறு செல் பேட்டரியின் முழு வோல்ட் 25.2. லாரி ஓடும்போது பல்புக்கு 28 வரை போகிறது, ஆகவே பயமில்லை. ஒரு பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். ஆறு பல்பைப் பேரலலில், பீங்கான் ஹோல்டரில், தகரத் தட்டில் மாட்டினால் 18 ஆம்பியர் சுமை தயார். நடுவில் ஒரு பியூஸ். எண்ணெய், பேப்பர் பக்கத்தில் வேண்டாம், அந்தச் சூட்டில் கை வைக்க முடியாது.

முதலில் சுமை இல்லாமல் செல் வோல்ட்டை எழுதுங்கள். பிறகு பல்பைப் போட்டு ஐந்து விநாடி கழித்து எழுதுங்கள். போட்ட உடனே பார்க்காதீர்கள். குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு இழுக்கும். ஆம்பியரைக் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். ஆனால் அது டிசி அளக்கும் கிளாம்ப்பா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானவை பல ஏசி மட்டும்தான் காட்டும். இறங்கிய வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. எங்களிடம் நல்ல செல் 36 மில்லி வோல்ட் இறங்குகிறது. 18 ஆல் வகுத்தால் 2 மில்லி ஓம். இறங்குமுகமாக இருந்த ஒரு செல் 108 இறங்கியது. 6 மில்லி ஓம்.

சின்ன எண்தானே என்று தோன்றும். ட்ரோன் மேலே நிற்கும்போது இழுப்பது 90 ஆம்பியர். 2 மில்லி ஓம் செல் 0.18 வோல்ட் இறங்கும், உள்ளே 16 வாட் சூடாகும். 6 மில்லி ஓம் செல் 0.54 வோல்ட் இறங்கும், 49 வாட் சூடாகும். சால்டரிங் அயர்ன் இரண்டை அந்த ஒரு செல்லுக்குள் சொருகி வைத்த மாதிரி. பேட்டரியைத் தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கொதிப்பது இதனால்தான்.

அளப்பது எப்போதும் ஒரே சூட்டில் இருக்கட்டும். சூடான செல் தடையைக் குறைத்துக் காட்டும். மத்தியானம் அளந்ததையும் விடியலில் அளந்ததையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். நான் காலை ஆறு மணிக்கு முன், ராத்திரி முழுக்கப் படுத்திருந்த பேட்டரியை அளக்கிறேன். ஆரம்ப அளவைவிடத் தடை இரண்டு மடங்கான செல் உள்ள பேட்டரியை நான் மருந்து தூக்க அனுப்புவதில்லை.

இதே பல்புத் தட்டுதான், பறக்காத பேட்டரியை 23 வோல்ட்டுக்கு இறக்கவும். முழுசாக நிரம்பியது என்றால் அரை மணிக்குள் இறங்கிவிடும். போட்டுவிட்டு டீக்குப் போகாதீர்கள். குடியாத்தம் தம்பிக்குச் சொன்ன அளவு கருவியைச் செருகி, எந்த செல்லாவது 3.80 தொட்டதும் நானோ ஒரு ரிலேயால் பல்பை அணைக்கும்படி வைத்திருக்கிறேன். 24 வோல்ட் லாரி ரிலேயே போதும், அதையும் உங்கள் அலமாரியிலிருந்தே எடுக்கலாம்.

செய்யாறு வாசகர்: இறங்கிய பேட்டரியைச் சீக்கிரம் ஆற வைக்க ஐஸ் பெட்டியில் வைக்கலாமா?

வேண்டாம். வெளியே எடுத்ததும் பேட்டரியில் வியர்க்கும், ஈரம் கனெக்டருக்குள் போகும். மேல்தோல் குளிர்ந்து நடுச்செல் சூடாகவே இருக்கும், தெர்மாமீட்டரும் ஏமாறும். புளியமர நிழல், கால் வைத்த கம்பிவலைத் தட்டு, ஒரு பன்னிரண்டு வோல்ட் விசிறி. இதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. தட்டின் அடியில் சூடு அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார் ஒன்றை பேட்டரியோடு ஒட்டி நிற்கும்படி கட்டி, 40-க்குக் கீழே வந்ததும் பஸ்ஸர் அடிக்கும்படி வைத்தோம். அது அடிக்காமல் சார்ஜரில் மாட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வாலாஜா வாசகர்: ஒரு பேட்டரி தலையணை மாதிரி உப்பிவிட்டது. ஊசியால் குத்திக் காற்றை விட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் ஆபத்தில்லை என்று இன்னொருவர். எது சரி?

இரண்டும் தவறு ஐயா. தயவுசெய்து ஊசியைத் தொடாதீர்கள். குத்தினால் உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிக்கலாம். உப்புத் தண்ணீர் முதலில் அரிப்பது வெளியே இருக்கும் முனைகளை. முனை அரித்துப் போனால், உள்ளே சார்ஜ் அப்படியே நிற்க, இறக்க வழியில்லாத ஒரு பொட்டலம் கையில் மிஞ்சும்.

உப்பலில் கிழிசலோ வாடையோ இல்லையென்றால், திறந்த வெளியில், மணல் மேல் வைத்து, லாரி பல்பு ஒன்று மட்டும் மாட்டி மெதுவாகப் பூஜ்யம் வரை இறக்குங்கள். நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிறகு முனைகளுக்கு டேப் சுற்றி, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி, பழசைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு. காயலான் கடையில் போடாதீர்கள். அங்கே சுத்தியலால் அடிக்கிறவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

கிழிந்திருந்தாலோ, பழ வாடை மாதிரி இனிப்பாக ஏதாவது அடித்தாலோ, இறக்கும் வேலையும் வேண்டாம். மணல் வாளிக்குள் வைத்து வெளியே விடுங்கள், விற்றவரைக் கூப்பிடுங்கள். தீ பிடித்துவிட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், புகையை மூச்சில் வாங்காமல் தள்ளிப் போங்கள், தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் அடியுங்கள். லித்தியத்துக்குத் தண்ணீரே ஆகாது என்று சொல்வார்கள். இந்த பேட்டரித் தீயில் அடுத்த செல்லுக்குச் சூடு பரவாமல் தடுப்பது தண்ணீர்தான். ஒரு குவளை போதாது, வாளி வாளியாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பேட்டரிகளை மாடிப்படிக்கு அடியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் மேலே படுக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்து முடித்ததும் அவற்றை எடுத்து வெளியே, நிழலான தனி இடத்தில், செங்கல் தடுப்புக்குள் வையுங்கள். உப்பியது ஒன்றுதான், மற்றவை நன்றாக இருக்கின்றன என்று விடாதீர்கள். மற்ற ஐந்தையும் செல் வாரியாக அளந்து எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் பார்க்கிறேன்.